சுருதி சேர்ப்பதா, சுருதியை அழிப்பதா?

பழைய புகையிரத ஹோர்ன்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் மீது எனக்குப் பகை எதுவும் கிடையாது. உண்மையைச் சொன்னால், முத்திரை சேகரிப்பவர்களைக் காட்டிலும் இவர்கள் மீதே எனக்கு மதிப்பு அதிகம். முத்திரை சேகரிப்பவருக்கு ஓர் அல்பமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். இவர்களுக்கோ ஒருவர் தனியாகத் தூக்கத் திணறும் உலோகப் பாரமும், அதனை ஊதுவதற்குக் காற்றமுக்கியும், பெரிய காற்றுத் தாங்கியும், அவற்றையெல்லாம் சகித்துக்கொள்ளும் குடும்பமும், பொலிஸுக்கு அறிவிக்காத அயலவரும் வேண்டும். இத்தனை இடர்களுக்கும் மத்தியில், ஒரு நாட்டின் புகையிரதம் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் எப்படிக் கூவியது என்பதை இன்றைய செவிகள் கேட்கச் செய்கிறார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

எனது வழக்கு அவர்களுள் ஒரு சாராருடன் மாத்திரமே. வாங்கிய ஹோர்னைச் 'சரிப்படுத்துகிறோம்' என்று சொல்லிக்கொண்டு, அதன் குழல்களை அறுத்தும் அராவியும் தமது காதுக்கு இனிமையான சுரங்களுக்கு மாற்றிவிட்டு, அதன் பின்னரும் அதனைப் பழம்பொருள் என்று காட்சிக்கு வைக்கிறார்களே, அவர்களுடன். இந்த வேலைக்கு அவர்கள் சூட்டியிருக்கும் பெயர் சுருதி சேர்த்தல். பழைய கடிதமொன்றை அச்சிடும்போது அதிலுள்ள எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கே தயங்கிய ஒரு தொழிலில் காலம் கழித்தவன் நான். எனக்கு இது ஆவணத் திருத்தமாகவே படுகிறது.

கனடாவில் வாழும் வாசகர் ஒருவர் அண்மையில் எழுதிய மின்னஞ்சலே இப்பத்தியை எழுதத் தூண்டியது. ஏலமொன்றில் ஐந்து குழல்கள் கொண்ட பழைய அமெரிக்க ஹோர்ன் ஒன்றை வாங்கியிருக்கிறார். நேதன் நிறுவனத்தின் பி-5 என்ற வகை. ஊதிப் பார்த்தபோது ஒலி 'கொஞ்சம் முரடாக' இருந்ததாம். இத்துறையில் கைதேர்ந்தவர் என்று அறியப்பட்ட ஒருவரிடம் காட்டியபோது, ஐந்து குழல்களையும் அறுத்துக் குறுக்கிவிட்டால் இன்றைய பயணிகள் புகையிரதங்களின் ஒலியைப் போல் இனிமையாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். செய்யலாமா என்பது வாசகரின் கேள்வி. அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இதே கேள்வியும், அதைவிட மோசமாக, இதே விடையும் இந்தப் பொழுதுபோக்கு நிலவும் இடங்களிலெல்லாம் உலவுவதால், பொதுவிலும் சில வார்த்தைகள் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் அந்த முரட்டு ஒலி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

நீராவி எஞ்சின்கள் சீழ்க்கையடித்த காலத்தில் வட அமெரிக்க மக்களுக்குப் புகையிரதம் வருவதை அறிவதில் குழப்பமிருக்கவில்லை. பல சுரங்களை ஒருங்கே எழுப்பும் அந்தச் சீழ்க்கையை வேறெதனுடனும் மாற்றிக் கேட்க முடியாது. டீசல் எஞ்சின்கள் வந்தபோது அவற்றின் மீது ஒற்றைச் சுரத்தில் அலறும் காற்று ஹோர்ன்களைப் பொருத்தினார்கள். அவ்வொலி லொறியின் ஹோர்னைப் போலவே இருந்தது. புகையிரதக் கடவையை நெருங்கும் வாகனச் சாரதி, பின்னால் ஏதோ லொறி வருகிறது என்று எண்ணிக்கொண்டு தண்டவாளத்தில் ஏறினார். விபத்துகள் நிகழ்ந்தன.

இதனைக் கவனித்து மாற்று வழி தேடியவர் ரொபேர்ட் சுவான்சன் என்ற கனேடியப் பொறியியலாளர். 1905இல் பிறந்து 1994இல் மறைந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் புகையிரதங்களைப் பரிசோதிக்கும் தலைமை அதிகாரியாக இருந்தவர். காட்டில் மரம் வெட்டும் தொழிலாளரைப் பற்றிக் கவிதைகள் எழுதி நூல்களாக வெளியிட்டவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. நீராவிச் சீழ்க்கையின் கூட்டொலியைக் காற்று ஹோர்னில் கொண்டுவர முடியுமா என்று 1940களில் ஆராயத் தொடங்கினார். அதன் விளைவாகப் பிறந்ததே எயர்சைம் நிறுவனம். அமெரிக்காவில் நேதன் நிறுவனம் அவற்றைத் தயாரித்தது. எம், பி, கே என்று எழுத்துகளால் அழைக்கப்படும் ஹோர்ன் வரிசைகளெல்லாம் அவரது கைவண்ணமே. வன்கூவர் நகரில் நாள்தோறும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு கனேடிய தேசிய கீதத்தின் முதல் நான்கு சுரங்களை ஊதும் பத்து ஹோர்ன்களையும் அவரே 1967இல், கனேடியக் கூட்டமைப்பின் நூற்றாண்டை முன்னிட்டு, வடிவமைத்தார். அங்கு வாழும் நம்மவர் பலர் அவற்றைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்திருப்பார்கள்.

இனி, சுரக் கணக்கு. இசையறிந்த வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் என்னைப் பின்தொடர வேண்டுகிறேன். இசையறியாதவர்கள் அடுத்த இரண்டு பந்திகளைத் தாண்டிச் சென்றாலும் வழக்கு விளங்கும்.

பி-5 ஹோர்னின் ஐந்து குழல்களும் ஏறத்தாழ 277, 330, 392, 440, 554 ஹேட்ஸ் மீடிறன்களில் ஒலிக்கும்படி அமைக்கப்பட்டவை. 440ஐ நமது சட்ஜமாகக் கொண்டால், கீழிருந்து மேலாக அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம், சட்ஜம், மீண்டும் மேல் காந்தாரம். அரிகாம்போதியின் சாயல் என்று சொல்லலாம். நிஷாதமும் சட்ஜமும் பக்கத்தில் பக்கத்தில் நின்று உரசுவதால் பிறப்பதே அந்த முரட்டுத்தனம். அது பிழையாக நுழைந்ததன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கேட்பவன் நிம்மதியடையக்கூடாது, திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதே நோக்கம்.

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பயணிகள் புகையிரத நிறுவனமான ஆம்ட்ராக், காதுக்கு இதமான ஹோர்ன் ஒன்று வேண்டுமென்று விரும்பியது. சுவான்சனின் பங்களிப்புடன் உருவானதே கே-5-எல்ஏ. அதன் மீடிறன்கள் 311, 370, 415, 494, 622. இங்கே 494 சட்ஜம். காந்தாரம், பஞ்சமம், சதுச்சுருதி தைவதம், சட்ஜம், மேல் காந்தாரம். அதாவது மோகனத்தில் ரிஷபத்தை மட்டும் நீக்கினால் என்ன எஞ்சுமோ அது. நிஷாதம் இருந்த இடத்தில் தைவதம் வந்து அமர்ந்துவிட்டது, உரசல் தணிந்துவிட்டது. மோகனம் எவரையும் மயக்கும். வட அமெரிக்காவில் வாழும் நமது வாசகர்கள் இரவில் தொலைவில் கேட்டு, ஏதோ இனம்புரியாத ஏக்கம் கொள்ளும் ஒலி பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

இப்போது அந்தக் கைதேர்ந்தவர் சொன்ன யோசனை விளங்கும். இவ்வகை ஹோர்னில் அமுக்கப்பட்ட காற்று ஒரு மெல்லிய தகட்டை அதிரச் செய்கிறது. அதிர்வு கூம்பு வடிவக் குழலில் பெருகி வெளிவருகிறது. குழல் நீண்டால் சுரம் தாழும், குறுகினால் ஏறும். பி-5இன் நான்கு குழல்களை ஒரு முழுச் சுர அளவும், நிஷாதக் குழலை மட்டும் அரைச்சுர அளவும் ஏற்றினால் கே-5-எல்ஏயின் சுரங்கள் கிடைத்துவிடும். கணக்குச் சரிதான். வாளும் அரமும் இருந்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. அறுத்த அலுமினியத்தைத் திரும்ப ஒட்டும் பிற்பகல்தான் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்கள் சில இருக்கின்றன. அவற்றை அலட்சியம் செய்ய நான் விரும்பவில்லை, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'ஹோர்ன் சுருதி விலகியிருந்தது, அதனால் திருத்தினோம்' என்பது முதலாவது. எதிலிருந்து விலகியிருந்தது? கராஜில் நின்றுகொண்டு, வயலின்காரர் பயன்படுத்தும் சுருதிமானியை ஹோர்னுக்கு முன்னால் நீட்டி, ஊசி நடுவில் நிற்கவில்லை என்று கவலைப்படுகிறார்கள். புகையிரதம் என்றைக்கு அந்த ஊசியின் நடுவில் நின்று ஊதியது? காற்றில் ஒலியின் வேகம் பூச்சியப் பாகையில் செக்கனுக்கு 331 மீற்றர். முப்பது பாகை செல்சியஸில் 349 மீற்றர். இந்த வேறுபாடே குழலின் சுரத்தை ஏறத்தாழ ஓர் அரைச்சுர அளவு நகர்த்தப் போதுமானது. தை மாதப் பனியில் மனிரோபாவிலும் ஆடி மாத வெயிலில் புளோரிடாவிலும் ஒரே ஹோர்ன் ஒரே சுருதியில் ஒலித்திருக்க வழியில்லை. போதாக்குறைக்கு, மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஒரு புகையிரதம் நம்மைக் கடந்து செல்லும்போது, நெருங்கி வருகையில் கேட்ட சுரத்துக்கும் விலகிச் செல்கையில் கேட்கும் சுரத்துக்கும் இடையில் ஏறத்தாழ மூன்று அரைச்சுர வீழ்ச்சி ஏற்படுகிறது. இத்தனை ஆட்டத்துக்கும் ஈடுகொடுத்து ஊதிய ஒரு கருவிக்குக் கராஜில் வைத்துத் துல்லியம் கற்பிப்பது, மூச்சிரைக்க ஓடிவந்த தபால்காரனை நிறுத்தி உச்சரிப்புப் பயிற்சி கொடுப்பதற்கு ஒப்பானது.

இரண்டாவது நியாயம் இதைவிடக் கனமானது. 'எஞ்சின் சாரதிகளே தமது சீழ்க்கைகளை மாற்றியமைத்தார்களே, நாங்கள் மாற்றினால் என்ன?' என்கிறார்கள். அமெரிக்கப் புகையிரத வரலாற்றில் கேசி ஜோன்ஸ் என்ற சாரதியின் பெயர் அழியாதது. ஆறு மெல்லிய குழாய்களை இணைத்துச் செய்த தமது சொந்தச் சீழ்க்கையை அவர் எஞ்சினில் பொருத்தி, ஓர் இராப் பறவையின் குரலைப் போல் ஊதுவார் என்றும், அதைக் கேட்டு வழியோர மக்கள் வருபவர் யார் என்று அறிவார்கள் என்றும் சொல்வார்கள். 1900 ஏப்ரல் 30ஆம் திகதி மிசிசிப்பி மாநிலத்தில் நிகழ்ந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். சரி, அவர் மாற்றினார்தான். ஆனால் அவர் மாற்றியது தமது கையிலிருந்த தொழிற்கருவியை, தமது காலத்தில், தமது பாதையில். அந்த மாற்றமே வரலாறாகிவிட்டது. இன்று அவரது சீழ்க்கை ஒருவருடைய கைக்குக் கிடைத்து, அதனை அவர் 'இன்னும் கொஞ்சம் நன்றாக' ஒலிக்கும்படி அராவினால் அதை யாராவது பொறுப்பார்களா? அப்படியிருக்க, பெயர் தெரியாத ஒரு சாரதி முப்பது ஆண்டுகள் இழுத்து ஊதிய பி-5 மட்டும் ஏன் மலிவானதாகிவிட வேண்டும்?

புகையிரத வேலைத்தளங்களிலும் குழல்களை மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள், ஆகவே 'மூலச் சுருதி' என்று ஒன்றே கிடையாது என்று வாதிடுபவர்களும் உண்டு. உண்மை. உடைந்த குழலுக்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட குழலைப் பூட்டினார்கள். சில குழல்களைப் பின்பக்கம் நோக்கித் திருப்பி வைத்தார்கள். ஆனால் இந்த வாதம் அவர்களுக்கு எதிராகவே திரும்புகிறது என்பதை அவர்கள் உணரவில்லை. பட்டியலில் உள்ளபடி இல்லாமல் ஒரு ஹோர்ன் விநோதமாக ஒலிக்கிறதென்றால், ஏதோ ஒரு வேலைத்தளத்தில், ஏதோ ஒரு தேவை காரணமாக எடுக்கப்பட்ட முடிவின் சாட்சியம் அதில் இருக்கிறது. பட்டியலின்படி திருத்திய மறுகணமே அந்தச் சாட்சி கலைக்கப்பட்டுவிடுகிறார்.

'என் பணம், என் பொருள்' என்பது கடைசி நியாயம். நல்ல நிலையிலுள்ள ஹோர்ன் ஒன்று பல நூறு டொலர்களிலிருந்து சில ஆயிரம் டொலர்கள் வரை விலை போகிறது. பணம் கொடுத்தவருக்கு உரிமை உண்டென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பொருட்கள் ஒருவரிடமே நிலைத்து நிற்பவையல்ல. சேகரிப்பாளர் சலிப்படைகிறார், மூப்படைகிறார், காலமாகிறார். ஹோர்ன் மீண்டும் ஏலத்துக்கு வருகிறது. குழலில் வார்க்கப்பட்ட இலக்கம் ஒன்றைச் சொல்கிறது. குழல் வேறொன்றைப் பாடுகிறது. வாங்கும் இளைஞன் அந்த இலக்கத்தை நம்பி, 'ஐம்பதுகளின் அமெரிக்கச் சரக்குப் புகையிரதம் இப்படித்தான் கூவியது' என்று பதிவு செய்து உலகுக்கு அறிவிக்கிறான். பொய் ஒன்று, பொய்யென்று அறியாத ஒருவனின் வாயால் பரவுகிறது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு இந்த நோயின் போக்கு நன்கு தெரியும்.

இதெல்லாம் வெறும் சத்தம் பற்றிய சச்சரவுதானே என்று சலித்துக்கொள்பவர்களுக்கு புளோரிடாவை நினைவூட்ட விரும்புகிறேன். 1984 முதல் அம்மாநிலத்தின் கிழக்குக் கரையோரப் புகையிரதப் பாதையில், குடியிருப்பாளர்களின் நித்திரையைக் கருதி, இரவு வேளைகளில் கடவைகளில் ஹோர்ன் ஊதுவதற்குத் தடை விதிக்க உள்ளூராட்சி அமைப்புகளுக்கு இடமளிக்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின் மத்திய அரசின் புகையிரத நிர்வாகம் ஆராய்ந்து பார்த்தபோது, தடை நிலவிய கடவைகளில் இரவு நேர மோதல்கள் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருந்தன. 1991இல் அவசரக் கட்டளை பிறப்பித்துத் தடையை நீக்கினார்கள். இன்று அமெரிக்காவில் கடவையை அடைவதற்குப் பதினைந்து முதல் இருபது செக்கன்களுக்கு முன்னர் இரண்டு நெடில், ஒரு குறில், ஒரு நெடில் என்று ஊதவேண்டும்; நூறு அடி முன்னால் ஒலியளவு 96 டெசிபலுக்குக் குறையவும் 110ஐத் தாண்டவும் கூடாது என்பது 2005இல் நடைமுறைக்கு வந்த விதி. பிரித்தானியாவில் மேல்சுரம், கீழ்சுரம் என்று இரண்டு மட்டுமே. அங்கும் அயலவரின் முறைப்பாடுகளைத் தொடர்ந்து 2007இல் இரவு நேர ஊதலைக் குறைத்து, கீழ்சுரத்தை முன்னிறுத்தினார்கள். உயிரைக் காப்பதற்கும் உறக்கத்தைக் காப்பதற்கும் இடையில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு காலத்திலும் செய்துகொண்ட உடன்படிக்கை அந்தக் குழல்களில் வார்க்கப்பட்டிருக்கிறது. பி-5இன் நிஷாதம் ஓர் உடன்படிக்கை. கே-5-எல்ஏயின் தைவதம் இன்னோர் உடன்படிக்கை. எல்லாவற்றையும் மோகனமாக்கிவிட்டால் முன்னைய உடன்படிக்கை எதுவென்று எப்படித் தெரியும்?

நமக்கும் இவ்விடயத்தில் ஒரு தொடர்பு இருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் இலங்கைக்குக் கனடா அன்பளிப்பாக வழங்கிய டீசல் எஞ்சின்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் இலண்டன் நகரில் செய்யப்பட்டவை. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிரோபா என்று கனேடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி அந்த எஞ்சின்கள் நமது தண்டவாளங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடின. அவற்றின் கூவலைக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் பின்னர் அந்த மாகாணங்களுக்கே அகதிகளாகச் சென்று சேர்ந்ததை என்னவென்று சொல்வது!

யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. சிலிப்பர் கட்டைகளும் தண்டவாளங்களும் பதுங்குகுழிகளுக்குப் போயின. யாழ்ப்பாணத்தில் மீண்டும் புகையிரதம் கூவியது 2014 ஒக்டோபரில். காங்கேசன்துறையில் 2015 ஜனவரியில். அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் குடாநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, 'யாழ்தேவி கூவிவிட்டது, அடுப்பை மூட்டு' என்று வீட்டிலிருந்தபடியே நேரம் கணிக்கும் வழக்கம் பாட்டியின் கதையில் வரும் செய்தி மாத்திரமே. ஓர் ஊரின் ஒலி எவ்வளவு எளிதில் ஊரைவிட்டுப் போய்விடும் என்பதை அனுபவத்தில் கண்ட சமூகம் நாம். பிறநாட்டான் ஒருவன் தன் ஊரின் ஒலியைத் தானே அரம்போட்டு அழிப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இதுதான். அந்தத் தவறை நம்மவர் ஒருவர் காசு கொடுத்துச் செய்விக்கப் போகிறார் என்றால் கோபம் இரட்டிப்பாகிறது.

அப்படியானால் பழைய ஹோர்னில் கையே வைக்கக்கூடாதா என்று கேட்பார்கள். யார் அப்படிச் சொன்னது? பல ஆண்டு ஊத்தையையும் குளவிக் கூடுகளையும் துப்புரவாக்குங்கள். காற்றுக் கசியும் இறப்பர் வளையங்களை மாற்றுங்கள். பிளந்துபோன அதிர்தகட்டை அகற்றி அதே தடிப்பில் புதியது போடுங்கள். பழையதை எறியாமல் ஒரு கடித உறையில் போட்டு வையுங்கள். எஞ்சினில் நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கத்தில் ஊதிய ஹோர்னை, சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிக்கும் இயந்திரத்துடன் இணைத்துவிட்டு 'சுருதி சரியில்லை' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். போதிய காற்றைக் கொடுத்தாலே பாதி நோய்கள் தாமாகத் தீர்ந்துவிடும். இவையெல்லாம் பராமரிப்பு. திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய எதனையும் செய்யலாம். 2004 ஆழிப்பேரலையில் பெரலியவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அந்தப் புகையிரதத்தை இழுத்துச் சென்ற எஞ்சின் 591ஆம் இலக்க மனிரோபா. அதனை மீட்டுத் திருத்தி மீண்டும் ஓடவிட்டார்கள். இலக்கத்தையும் பெயரையும் மாற்றவில்லை. திருத்தம் என்றால் அது.

மோகனம்தான் வேண்டுமென்றால் கே-5-எல்ஏ ஒன்றை வாங்கிக்கொள்ளலாமே. அல்லது புதிய குழல்களை வார்த்துப் பூட்டி, பழையவற்றை அப்படியே எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைக்கலாம். சுவான்சன் செய்ததும் அதுதான்: இனிய சுரம் தேவைப்பட்டபோது அவர் புதிய குழல்களை வடிவமைத்தார்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி அதிகம் எழுதி இடத்தை வீணாக்க விரும்பவில்லை. நிறுத்தி வைக்கப்பட்ட எஞ்சின்களின் கூரையிலிருந்து ஹோர்ன்களைக் கழற்றி விற்கும் திருடர்களும், அவற்றை வாங்கித் தமது வாகனங்களில் பூட்டி வீதியில் போகும் கிழவிகளைத் திடுக்கிடச் செய்யும் வீரர்களும் இந்தப் பொழுதுபோக்கின் நிழலில் வாழ்கிறார்கள். நூறு அடிக்கு அப்பாலிருந்து கேட்பதற்கென்று செய்யப்பட்ட ஒலியை ஆறடியில் நின்று ஊதினால் கேட்பவரின் செவிப்பறைக்கே ஆபத்து. கொழும்பில் தனியார் பஸ்களின் ஹோர்னைத் தினமும் அனுபவிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கிருந்து வந்ததென்று விற்பவர் சொல்ல மறுக்கும் ஹோர்னை நேர்மையான சேகரிப்பாளர் தொடக்கூடாது. எஞ்சினின் இலக்கம், புகையிரத நிறுவனத்தின் பெயர், கழற்றப்பட்ட ஆண்டு ஆகிய மூன்றும் இல்லாத ஹோர்ன் என்னைப் பொறுத்தவரை வெறும் பழைய அலுமினியம்.

எதனையும் கழற்றுவதற்கு முன்னர் இருக்கிற நிலையிலேயே ஊதிப் பதிவு செய்துவிடுங்கள் என்று எனது கனேடிய வாசகருக்கு எழுதினேன். ஐந்து குழல்களையும் சேர்த்து ஒரு தடவை, பின்னர் தனித்தனியே ஒவ்வொன்றாக. அன்றைய வெப்பநிலையையும் காற்றின் அமுக்கத்தையும் குறித்துக்கொண்டு. கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் இன்று செய்யக்கூடிய வேலை இது. இதே வேலையை 1950களில் செய்வதற்கு, அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்ற புகைப்படக்காரர் கனத்த ஒலிப்பதிவுக் கருவிகளைக் காவிக்கொண்டு நோர்போக் அன்ட் வெஸ்டர்ன் பாதையோரத்தில் இரவுகளைக் கழித்தார். இங்கிலாந்தில் பீற்றர் ஹாண்ட்போர்ட், பின்னாளில் திரைப்பட ஒலிப்பதிவுக்காக ஒஸ்கார் விருது பெற்றவர், அதையே செய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். நீராவி எஞ்சின்கள் மறைந்த பின்னரும் அவற்றின் குரல் கேட்கிறதென்றால் இத்தகையவர்களின் புண்ணியம்.

நம்மவர்களிடமும் பழைய ஒலிநாடாக்கள் இருக்கும். 1990க்கு முன்னர் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்திலோ, கொடிகாமத்திலோ, சாவகச்சேரியிலோ யாரையாவது வழியனுப்பச் சென்றபோது, வெளிநாட்டிலிருந்த மகனுக்கு அனுப்புவதற்காகக் கசெற்றில் குரல் பதிந்தபோது, பின்னணியில் புகையிரதம் கூவியிருக்கலாம். அத்தகைய நாடா எவரிடமாவது இருந்தால் இரைச்சலை நீக்கவும் வேண்டாம், செம்மைப்படுத்தவும் வேண்டாம்; உள்ளபடியே பிரதியெடுத்து, திகதியையும் இடத்தையும் எழுதி, நூலகம் நிறுவனத்தின் ஆவணகத்துக்கு அனுப்பி வையுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதினால் மகிழ்வேன்.